வலை கட்ட வந்தவரிடம்

பார்த்து வாங்க தம்பி, கடைசிப் படி கொஞ்சம் உயரம். இதுதான் மொட்டை மாடி. நாலு பக்கமும் அளந்துக்குங்க. பக்கவாட்டில் மட்டும் இல்லை, மேலேயும் வேண்டும். ஆமாம், தலைக்கு மேலே. வெளிச்சம் வரட்டும், காற்று வரட்டும், வேறெதுவும் இறங்கக் கூடாது. உங்கள் ஆபீஸில் போன் எடுத்த பெண் "பால்கனிக்குத்தானே மேடம், பால்கனிக்குத்தானே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மொட்டை மாடிக்குக் கூரை மாதிரி வலை கேட்கிற ஆள் அவளுக்கு நான்தான் முதல் போலிருக்கிறது.

என்ன தேடுறீங்க? எச்சமா? இருக்காது. நான்தான் தினம் கழுவுகிறேனே. சத்தம்தான் தம்பி விஷயம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் தலைக்கு மேலே இறக்கை அடிக்கிற சத்தம் கேட்கிறது. ஏறி வந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. நான் வருவதற்குள் போய்விடுகிறது. நீங்க வேலையைப் பாருங்க, அளந்துகொண்டே கேளுங்க. எனக்குப் பேசினால் போதும்.

உங்களுக்கு எந்த ஊர்? பண்ருட்டிப் பக்கமா. பெரம்பூரில் தெரிந்தவர்கள் யாராவது உண்டா? இல்லை. நல்லது. அந்தக் கதவை மட்டும் சாத்திவிடுங்க, படிக்கட்டு வழியாகக் குரல் கீழே இறங்கும். கீழே என் தம்பி பெண்டாட்டி இருக்கிறாள். ஜெயக்கொடி.

என் தம்பி பெயர் சுகுமார். அவனுக்கு எச்.ஐ.வி. இருந்தது. பாருங்க, சொல்லிவிட்டேன். இந்தத் தெருவில் யாரிடமும் அந்த எழுத்துகளை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எப்படி வந்தது என்று கேட்காதீங்க, நானும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

நான் அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து திரும்பியிருந்தேன். அங்கே ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை, பாதி ஆயுள் அங்கேயே போயிற்று. என் வீட்டுக்காரர் தவறியதும், மகள் பிரதீபாவுக்கு இங்கே ஒரு நல்ல இடமாகப் பார்த்து முடிக்கலாம் என்று வந்துவிட்டேன். மாடி எங்களுக்கு, கீழே சுகுவும் கொடியும். வந்து பார்த்தால் ஆள் பாதியாக இருக்கிறான். நாக்கு, அண்ணம் எல்லாம் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாக. இட்லியை ரசத்தில் கரைத்துக் குடிக்கிறான். மிளகாய்ப் பொடி இல்லாமல் இட்லியைத் தொடாதவன். அது ஒரு வகைப் பூஞ்சையாம், அப்புறம் சொன்னார்கள். கொடி அவனை வயிற்றுப் புண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நான்தான் பரிசோதனை எடுக்க வைத்தேன். இதைக் கொடியே ஒத்துக்கொள்வாள், கேட்டுப் பாருங்க. வேண்டாம், கேட்க வேண்டாம். அவளுக்கும் எடுத்தார்கள். அவளுக்கும் இருந்தது.

இங்கே பக்கத்திலேயே, இந்த நோய்க்கு மாத்திரை கொடுக்கிற அரசாங்க ஏ.ஆர்.டி. சென்டர் இருக்கிறது. சின்ன வயசு டாக்டரம்மா, பொறுமையானவர். இரண்டு பேரையும் உட்கார வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடிமட்டத்துக்குப் போயிருக்கிறது. கிருமிக்கான மாத்திரை வேலை செய்து உடம்பு தேறி வருகிற வரைக்கும் கொஞ்ச காலம் ஆகும். அந்த இடைவெளியில் வேறு எதுவும் உள்ளே நுழையாமல் காவல் காக்க வேண்டும். இந்தப் பெரிய வெள்ளை மாத்திரை, நுரையீரலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, தினமும். அப்புறம் ஒரு ரத்த டெஸ்ட். "மூளைக்குப் போற பூஞ்சை ஒண்ணு இருக்கு. தலைவலி ஆரம்பிக்கிறதுக்கு ரொம்ப முந்தியே ரத்தத்துல தெரிஞ்சிடும். தெரிஞ்சா உடனே மாத்திரை ஆரம்பிப்போம், அது மேல ஏறாது. தலைவலி வந்தப்புறம் வந்தீங்கன்னா எனக்குக் கஷ்டம், உங்களுக்கு அதைவிடக் கஷ்டம். அதனால டெஸ்டைத் தள்ளிப் போடாதீங்க" என்றார்.

கடைசியில் எழுந்திருக்கும்போதுதான் கேட்டார், வீட்டில் கோழி, புறா ஏதாவது வளர்க்கிறீர்களா என்று. அந்த நிலைமையிலும் சுகு முகத்தைப் பார்க்கணுமே. "ஹோமர் புறா வச்சிருக்கேன் டாக்டர். விஜயவாடாவுல விட்டா சாயங்காலத்துக்குள்ள வீடு வந்துடும்."

"நல்லது. ஆனா கூண்டை நீங்க சுத்தம் பண்ணாதீங்க. காஞ்ச எச்சத்தூள்ல அந்தப் பூஞ்சை இருக்கலாம். வேற யாராவது மாஸ்க் போட்டுக்கிட்டு, தண்ணி தெளிச்சுச் செய்யட்டும்."

அவ்வளவுதான். புறாவைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. கொடிக்கு அது காதிலேயே விழுந்திருக்காது, அவள் மாத்திரைப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் நான் பிடித்துக்கொண்டேன் தம்பி. வீட்டுக்கு வந்து தமிழிலும் தேடினேன், இங்கிலீஷிலும் தேடினேன். இரண்டிலும் புறா இருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், எதிரி யார் என்று.

அந்தச் சென்டரில் ஒரு தொல்லை. வரிசை வெளியே வராண்டாவில். நாங்கள் நிற்கும்போதே எங்கள் தெரு முனையில் பூக்கட்டுகிறவள் அந்தப் பக்கமாகப் போனாள். பார்த்தாளோ இல்லையோ, எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. பிரதீபாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருக்கிற நேரம். அதனால் சுகுவின் சிகிச்சையை வேறு ஊர் சென்டருக்கு மாற்றினேன். இரண்டு பஸ் மாறிப் போகிற ஊர், பேர் வேண்டாம். கொடியையும் கூப்பிட்டேன். அவள் வரவில்லை.

"மூஞ்சியை மூடிக்கிட்டு ஊர் விட்டு ஊர் போய் மாத்திரை வாங்க நான் என்ன திருடியா அண்ணி? நடந்தா நாலு தெரு. நான் இங்கயே வாங்கிக்கிறேன்."

"பிரதீபா கல்யாணம் இருக்கு கொடி."

"பிரதீபா கல்யாணத்துக்கு நான் உயிரோட இருக்கணும்ல."

அப்படிப் பேசுகிறவள். சுகு அவளை மாதிரி இல்லை. அக்கா சொன்னால் சரி. புது சென்டரில் அந்த டெஸ்டுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டார்கள், ரிசல்ட் வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். என் போன் எண்ணைத்தான் கொடுத்தேன். அவன் போன் எப்போதும் புறாக்காரப் பசங்கள் கையில் கிடக்கும். வீட்டு விலாசம் கேட்டார்கள், பழைய வாடகை வீட்டு விலாசத்தைச் சொன்னேன். அவர்கள் ஆள் அனுப்பி வாசலில் நின்று விசாரித்தால் என்ன ஆவது, நீங்களே சொல்லுங்க.

அப்புறம் புறா. அதோ அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம், நீங்க டேப்பை வைத்திருக்கிறீங்களே, அங்கேதான் கூண்டு. மரச்சட்டம், அடுக்கடுக்காக அறை. ஒவ்வொன்றுக்கும் காலில் வளையம், வளையத்தில் எண். சுகு கெஞ்சினான். "அக்கா, நான் மாடிக்கே வரல. பசங்க யாராவது தண்ணி தெளிச்சுக் கூட்டிடுவாங்க. டாக்டர் அதைத்தானே சொன்னாங்க." டாக்டர் சொன்னது அவர் நாகரிகத்துக்குச் சொன்னது, நான் அதற்கு மேல் பார்க்க வேண்டாமா. திருவள்ளூர்ப் பக்கம் ஒருத்தரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டேன். அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் துணி எடுக்க வந்தால் பக்கச்சுவர் முழுக்க வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஆள் இன்னும் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். கொடி விழுந்து விழுந்து சிரித்தாள். சுகு படிக்கட்டில் நின்றான், மேலே வரவில்லை, வாக்குக் கொடுத்திருந்தானே. கீழேயிருந்தபடியே வாயால் ஒரு மாதிரி சத்தம் கொடுத்தான். அத்தனை தலையும் ஒரே சமயத்தில் திரும்பியது.

திரும்பத் திரும்பக் கொடுத்தேன், திரும்பத் திரும்ப வந்தன. கடைசியில் திரும்பி வர முடியாத மாதிரி ஒரு ஏற்பாடு செய்தேன். அதைக் கேட்காதீங்க. கறிக்கடைக்காரர் நல்லவர்தான்.

கூண்டையும் நானே நின்று பிரித்துப் போட வைத்தேன். அன்றைக்குக் கார்ப்பரேஷன் தண்ணீர் வரவில்லை, தொட்டி காலி. அதற்காகக் காத்திருக்க முடியுமா, மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள். அப்படியே கூட்டித் தள்ளினோம். எத்தனை வருஷத்து எச்சமோ, சாம்பல் மாதிரி எழும்பி, பக்கத்து வீட்டு மாடி வரைக்கும் போயிற்று. சுகு அந்தக் கதவுகிட்டேதான் உட்கார்ந்திருந்தான். போடா கீழே என்றேன். கேட்கவில்லை. எல்லாம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, தலைமுடியில் வெள்ளைத் தூளோடு இறங்கிப் போனான். எனக்கு நிம்மதி. வீட்டைச் சுத்தம் செய்துவிட்டேன் என்ற நிம்மதி.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்ல குடும்பம். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து கேசரி சாப்பிடுகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்கிற மாதிரி. அப்போது பார்த்துப் போன் வருகிறது. நேரம் காலம் தெரியாத ஜனங்கள் தம்பி. "சுகுமாரோட அக்காங்களா? ஏ.ஆர்.டி. சென்டர்லேர்ந்து பேசறோம்மா, ரத்த ரிசல்ட் வந்திருக்கு, அவரை உடனே" என்கிறாள் ஒரு பெண், குரல் வெண்கலம் மாதிரி. "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன். மறுபடி அடிக்கிறது. மறுபடி. மாப்பிள்ளையின் அம்மா "யாருங்க, முக்கியமான போனா இருக்கப் போகுது" என்கிறார். "லோன் வேணுமான்னு கேக்கறாங்க, இதே தொல்லை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரவர்க்கு அப்படி வந்த போன் கதையை ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்தப் பேச்சிலேயே ஒரு நெருக்கம் வந்துவிட்டது, தெரியுமா. நிச்சயம் முடிகிற வரைக்கும் இருக்கட்டும் என்று அந்த எண்ணை பிளாக் செய்து வைத்தேன். நிச்சயம் ஆனதும் எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் அவர்கள் கூப்பிடவே இல்லை. அவ்வளவுதான் அவர்களுக்கு அக்கறை.

நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் சுகுவுக்குத் தலைவலி தொடங்கியது. புறா ஏக்கம். வேறென்ன இருக்க முடியும்? குழந்தை மாதிரி வளர்த்தவன். நொச்சித் தழை போட்டு ஆவி பிடிக்க வைத்தேன், தைலம் தடவினேன். ஜன்னலைச் சாத்து, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்பான். ஒரு நாள் காபி கொண்டுபோய்க் கொடுத்தால் டம்ளருக்குப் பக்கத்தில் கையை நீட்டுகிறான். "அக்கா, நீ ரெண்டா தெரியறே" என்றான். "ஒரு அக்காவையே சமாளிக்க முடியல, ரெண்டு பேரை அனுப்பி வச்சிருக்கானே கடவுள்." நானும் சிரித்துவிட்டேன். அவன் அப்படித்தான், எதையும் விளையாட்டாகச் சொல்கிறவன். விளையாட்டாகச் சொன்னால் மனுஷி எப்படித் தெரிந்துகொள்வாள்?

கொடி மட்டும் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். "அண்ணி, அந்த டெஸ்ட் என்னாச்சு? எனக்கு எடுத்த மறுநாளே கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. எனக்கு ரத்தத்துல இருக்குன்னு மாத்திரை குடுத்திருக்காங்க. இவருக்கு ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னா சொல்ல மாட்டேனா?"

"நான் இங்க நம்ம டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்."

"வெள்ளிக்கிழமை நிச்சயம். அது முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

பாருங்க, அவளுக்கும் அதே பூஞ்சை ரத்தத்தில் இருந்தது. அதே வீடு, அதே மாடி, அதே புறா. அவளுக்குத் தலைவலிகூட வரவில்லை. வேளை தவறாமல் மாத்திரையை விழுங்கினாள், போயிற்று. அவள் உடம்பு வாகு அப்படி, உழைக்கிற உடம்பு. சுகு சின்ன வயசிலிருந்தே பூஞ்சை உடம்பு. எல்லாம் அவரவர் உடம்பைப் பொறுத்தது.

வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுகிற நேரம். மாடியில் இடம் போதாது என்று கீழ்க் கூடத்தில்தான் அத்தனை பேரும். உள் அறையிலிருந்து கொடி அவனைத் தாங்கிக்கொண்டு வருகிறாள், அவன் வாந்தி எடுத்த சட்டையோடு, கழுத்து விறைத்து. வாசல் வழியாக, எல்லோருக்கும் நடுவில். பின்பக்கம் ஒரு வழி இருக்கிறது, அது அவளுக்குத் தெரியாதா? "ஆட்டோ கூப்பிடுங்க யாராவது" என்று கத்தினாள். நம் ஆட்கள் ஒருத்தரும் அசையவில்லை. மாப்பிள்ளைதான் எழுந்து ஓடினார். தட்டு என் கையில் இருந்தது தம்பி. தட்டைக் கீழே வைத்தால் அபசகுனம், நான் எப்படிப் போவது?

பெரிய ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். எடுக்க எடுக்கத் தலைக்குள் அழுத்தம் குறைந்து கண் திறந்து பார்ப்பான், மறுபடி ஏறிவிடும். கண் பார்வை முதலில் போயிற்று. அங்கே ஒரு டாக்டர் கேட்டார், "முன்னாடியே ரத்தத்துல இந்தப் பூஞ்சைக்கு டெஸ்ட் எடுக்கலையா?" கொடி சொன்னாள், "எடுத்தாங்க சார், ரிசல்ட் வரவே இல்லை." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லலை டாக்டர்" என்றேன். பொய் இல்லை தம்பி. என்ன ரிசல்ட் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. "உடனே" என்றார்கள், அதோடு நின்றுவிட்டது.

கடைசி நாளில் என் கையைத் தடவிப் பார்த்து, "அக்காவா?" என்றான். ஆமாண்டா என்றேன். "மேல எல்லாம் வந்துடுச்சா?" என்று கேட்டான். வந்துடுச்சு என்றேன். என்ன சொல்லச் சொல்கிறீங்க?

கல்யாணம் நடந்தது, குறை ஒன்றும் இல்லை. பிரதீபா இப்போது பெங்களூரில். மாப்பிள்ளை அடிக்கடி பேசுவார், அவளுக்குக் கொஞ்சம் வேலை ஜாஸ்தி.

கொடிதான் ஆச்சரியம். குண்டாகிவிட்டாள், கன்னம் மினுமினு என்று. அந்தச் சென்டரிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது, டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வராமல் போகிறவர்களைக் கூப்பிடுவது. எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடுவாள். அதற்கும் எடுக்காவிட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய்விடுவாள், சொந்தக்காரி மாதிரி காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்து காதோடு சொல்லிவிட்டு வருவாள். எல்லோரிடமும் ஒரே பாட்டுத்தான். "ஒரு போன். அந்த ஊர்க்காரங்க ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா எம் புருஷன் இன்னைக்கு இருந்திருப்பாரு. அதனாலதான் விடாம அடிக்கிறேன்." என் எதிரிலேயே சொல்வாள். நானும் ஆமாம் என்பேன். பொறுப்பில்லாத ஜனங்கள்தானே அவர்கள்? சுபகாரிய நேரம் பார்த்துக் கூப்பிடுவது கூப்பிட்டதில் சேர்த்தியா?

ராத்திரிச் சாப்பாடு எனக்கும் சேர்த்து அவள்தான் செய்கிறாள். நான் வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. அவரோட அக்காவாச்சே என்பாள்.

அடுத்த வாரம் அந்த ஊரில் அவளுக்கு ஏதோ பயிற்சி வகுப்பாம். அதே சென்டரில். முந்தாநாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "எத்தனையோ தடவை போய்க் கேக்கணும்னு நினைச்சேன், போன உயிர் திரும்புமான்னு நீங்கதான் தடுத்துட்டீங்க. இப்ப வேலையாவே போறேன். அவர் பேரைச் சொல்லி, ஏன் கூப்பிடலன்னு நேருக்கு நேரா ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் அண்ணி. அதுக்கப்புறம் விட்டுடறேன்."

அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? எத்தனை பேருடைய பெயர் வருகிறது, போகிறது, எல்லாமா நினைவில் வைத்திருப்பார்கள்? நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. இந்தச் சத்தம்தான் முந்தாநாளிலிருந்து தாங்க முடியவில்லை. மத்தியானம் மட்டும் கேட்டது, இப்போது காலையில் குளிக்கும்போதுகூடக் கேட்கிறது. அதனால்தான் உங்களை உடனே வரச் சொன்னேன். கண்ணி சின்னதாக இருக்கிற வலையாகப் போடுங்க. இரண்டு மடிப்பாகப் போட்டாலும் சரி.

படியில் சத்தம் கேட்கிறதே. அவள்தான், உங்களுக்கு டீ கொண்டு வருகிறாள். யார் வந்தாலும் டீ கொடுத்துவிடுவாள். தம்பி, அந்தப் போன் விஷயம் சொன்னேனே, அதைக் கீழே போய் எதுவும் பேசிவிட வேண்டாம். அதில் ஒன்றும் இல்லை. சும்மா பேச்சுவாக்கில் வந்தது.

வா கொடி. அங்கேயே வை, பார்த்து, டேப் கிடக்கு. ஒண்ணும் இல்லம்மா, சும்மா பேசிக்கிட்டிருந்தோம். புறாவைப் பத்தித்தான்.